படையலில் வைத்த பீடி

கடத்தூர்
20.1.2025

அன்புள்ள அக்கா குள்ளம்மாளுக்குத் தம்பி பச்சியப்பன் கும்பிட்டு எழுதுவது.

இங்கே நான், என் வீட்டுக்காரி, மகள் காவியா மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அருண்குமாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்பே கட்டாகிவிடுகிறது. காவியாவிடம் காட்டினேன். "அருண் மாமா நம்ம வூட்டு நம்பர் எல்லாத்தையும் பிளாக் பண்ணி வெச்சிருக்காருப்பா" என்றாள். உன் மகன் நீ சொல்லாமல் செய்திருக்க மாட்டான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் எழுதி எத்தனையோ வருசம் ஆகிறது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மாசி வந்தால் மாமா போய்ச் சேர்ந்து வருசம் திரும்புகிறது. உன் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். படையலுக்குப் புது வேட்டி நான் எடுத்து வராமல் வேறு யார் எடுத்து வருவார்கள்? பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சளோடு வந்து உன் வாசலில் நின்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாய். எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். கரும்பைத் திண்ணையில் போடவும் மனசு வரவில்லை, தூக்கிக்கொண்டு திரும்பினால் பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் சண்டை போட்டான்.

கடை ஓடுகிறது. எனக்குத்தான் கொஞ்ச நாளாக நெஞ்சுக்குள் ஒரு மாதிரி. கூடையைப் போட்டுக் கவிழ்த்த கோழி திடீரென்று படபடவென்று அடிக்குமே, அப்படி அடிக்கிறது. பிறகு அடங்கிவிடுகிறது. வாயுவாக இருக்கும்.

ஏசியாவது ஒரு வரி எழுது அக்கா.

உன் தம்பி,
பச்சியப்பன்


பாப்பாரப்பட்டி
2.2.2025

பச்சியப்பனுக்குக் குள்ளம்மாள் எழுதுவது.

நான் இன்னும் சாகவில்லை. என் சுகத்தைக் கேட்டாய், அதுதான் என் சுகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னோடும் உன் வீட்டு ஆட்களோடும் பேச மாட்டேன் என்று முனியப்பன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்திருக்கிறேன். கை கொப்பளித்தது ஊருக்கே தெரியும். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் சாமிக்குக் கோபம் இருந்தால் நானும் அவரும் தீர்த்துக்கொள்கிறோம், நீ குறுக்கே வராதே.

வருசத்துக்கு நீ வரக் கூடாது. வேட்டியும் வேண்டாம். ஏன் என்று உனக்கு மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

டாக்டர் உன் மாமாவிடம் பீடியைத் தொடவே கூடாது என்று சொன்ன மறுநாள் நான் பஸ் மாறிப் பஸ் ஏறி உன் கடைக்கு வந்தேன். ஞாயிறு ஞாயிறு வெற்றிலைக் கட்டு வாங்க அவர் கடத்தூர் சந்தைக்கு வருவார், உன் கடையில்தான் உட்காருவார் என்பதால் வந்தேன். "அவருக்கு நெஞ்சு சரியில்லடா, எங்க ஊர்ல எல்லாக் கடையிலயும் சொல்லிட்டேன், நீயும் பீடி குடுக்காதடா" என்று உன்னைக் கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்? "உன் தாலி மேல சத்தியமா குடுக்க மாட்டேன்க்கா" என்றாய். உன் தலை மேல் செய்திருக்கலாம். என் தாலி மேல் செய்தாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் இலை போட்டு அவருக்குப் பிடித்த கறிக்குழம்பு, முட்டை, வடை எல்லாம் வைத்தோம். நீ மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தாய். ஒன்றைப் பற்றவைத்து இலை ஓரத்தில் வைத்தாய். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது முறைதான், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ அழுதுகொண்டே சொன்னாயே, "மாமா, படுக்கறதுக்கு மொத ஞாயித்துக்கெழமகூட எங்கடையிலதான குடிச்சே, இன்னைக்கும் எங்கையால ஒண்ணு குடிச்சிட்டுப் போ மாமா" என்று, அங்கேதான் மாட்டினாய். ஊரே உன் பாசத்தைப் பார்த்து அழுதது. நான் மட்டும் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பீடியை விட்டுவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான் ஒருத்திதான்.

அது கிடக்கட்டும். நெஞ்சுக்குள் கோழி அடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது எப்போதெல்லாம் வருகிறது? வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? விவரமாக எழுது. அறிய ஆவலாக இருக்கிறேன்.

குள்ளம்மாள்


கடத்தூர்
11.2.2025

அன்புள்ள அக்காவுக்குப் பச்சியப்பன் எழுதுவது. நலம். நீ எழுதிய கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

எவ்வளவு ஏசினாலும் கடைசியில் என் உடம்பை விசாரித்தாய் பார், அதுதான் கூடப் பிறந்த பாசம். என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டி, "பாத்தியா, எங்கக்கா எங்கக்காதான்" என்றேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். காலையில் கடைப் பலகையை எடுத்து வைத்துவிட்டு முதல் பீடியை இழுத்ததும் வருகிறது. சில நாள் ஒரு மணி நேரம்கூட நிற்காமல் அடிக்கிறது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு அடி ஒழுங்காக விழும், ஒன்று காணாமல் போகும், பிறகு நாலைந்து ஒன்றாக ஓடி வரும். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. வேர்க்கிறது. நம்ம கடைச் சரக்குதானே என்று ஒரு நாளைக்கு இரண்டு கட்டு ஆகிவிடுகிறது, அதைக் குறைக்க வேண்டும்.

மாமா விசயத்தில் என்மேல் தப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் வந்து, "மாப்ள, ஒண்ணே ஒண்ணுடா" என்று கையை நீட்டினால் என் வாயில் இல்லை என்று வராது. எனக்கு மீசை முளைத்தபோது முதல் பீடியைக் கொடுத்ததே அவர்தான். அவரிடம் போய் எப்படி இல்லை என்பேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மாமாவின் சட்டை ஒன்று இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது. நீலக்கோடு போட்டது. கடைக்கு வந்ததும் நீ துவைத்துக் கொடுத்த சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வார். பீடி குடித்து முடித்ததும் வாயைக் கொப்பளிப்பார், கிராம்பு மெல்லுவார், பழையபடி வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். "குள்ளம்மா மோந்து பாப்பாடா" என்று சிரிப்பார். அந்தச் சட்டையை நான் கொண்டுவந்து தரட்டுமா?

அன்புத் தம்பி,
பச்சியப்பன்


பாப்பாரப்பட்டி
17.4.2025

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சௌகரியம். அங்கே உன் சௌகரியத்தைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுத நாளாகிவிட்டது. புளி தட்டுகிற காலம், கொட்டை எடுத்து எடுத்து விரலெல்லாம் புண். வருசப் படையல் நல்லபடியாக முடிந்தது. நீ இல்லாத குறை ஒன்றும் தெரியவில்லை.

நீ எழுதியதை எல்லாம் நிதானமாகப் படித்தேன். உனக்கு இருப்பது வாயுதான். இதற்கெல்லாம் டாக்டரிடம் போகாதே, இல்லாததை எல்லாம் சொல்லிப் பயமுறுத்துவார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடி. விடாமல் ஆறு மாதம் குடி, எல்லாம் அடங்கிவிடும்.

பீடியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உன் இஷ்டம்.

சட்டை அங்கேயே தொங்கட்டும்.

உன் அக்கா,
குள்ளம்மாள்


கடத்தூர்
5.5.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஓமம் குடிக்கிறேன். நீ சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. வீட்டில் இவளும் காவியாவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று பிடுங்குகிறார்கள். "எங்கக்காவே சொல்லிட்டா, வாயுதான்" என்று அடக்கி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆறு மாதம் குடி என்று எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் முடிந்த பிறகு என்னோடு பேசுவாயா?

பச்சியப்பன்


கடத்தூர்
8.6.2025

அன்புள்ள அத்தைக்கு, காவியா எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் இல்லை.

அப்பா உங்களுக்குக் கடிதம் எழுதுவதும் நீங்கள் பதில் எழுதுவதும் எனக்குத் தெரியும். உங்களிடம் பேச வழியில்லாததால் நானும் எழுதுகிறேன். போன வாரம் அப்பா குளிக்கப் போன இடத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி கன்னாபின்னாவென்று ஓடியது. இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். தருமபுரி பஸ் வந்து நின்றதும், "அத்த ஓமம் குடிக்கச் சொல்லியிருக்கா, ஆறு மாசம் ஆவட்டும்" என்று திரும்பி நடந்துவிட்டார்.

அத்தை, மாதையன் மாமாவுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தானே இருந்தது? எனக்கு அப்போது பரீட்சை, சரியாகத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். இது வாயுதானா? இல்லையென்றால் ஒரே ஒரு வரி எழுதுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போ என்று. அப்பா நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

உங்கள்,
காவியா


பாப்பாரப்பட்டி
19.6.2025

காவியாவுக்கு அத்தை எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். இது வாயு இல்லை.

உன் மாமாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வாயு என்றார், நானும் நம்பி ஆறு மாதம் என் கையால் ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்தேன். சந்தையில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் தருமபுரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஈசிஜி எடுத்த டாக்டரம்மா அந்தக் காகிதத்தை எனக்கே காட்டினார். "இதயம் சீரா அடிக்கணும்மா. இவருக்குக் கோடு பாருங்க, இஷ்டத்துக்கு ஓடுது. இப்படித் தாளம் தப்பி அடிச்சா ரத்தம் உள்ளயே தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம்தான். பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு அதிகம். வந்த பின்னாடியும் குடிச்சா மாத்திரை மட்டும் என்னம்மா செய்யும்?" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு பக்கம் விழுந்து, நாலாம் நாள் போய்விட்டார்.

எல்லாம் தெரிந்துதான் உன் அப்பனுக்கு ஓமம் எழுதினேன். முதல் கடிதத்தில் கோழி அடிக்கிறது என்று எழுதினானே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரிதான் ஒரு வருசத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன். சும்மா இருந்து வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சட்டையைப் பற்றி எழுதினான். நான் என் புருசன் சட்டையை மோந்து பார்த்து, வாசம் இல்லை, விட்டுவிட்டார் என்று முனியப்பனுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் அங்கே ஆணியில் ஒரு சட்டையை மாட்டி வைத்துக்கொண்டு என்னைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைப்பாய். நினை. நான் உன் அப்பனுக்கு விஷம் வைக்கவில்லை. அவர் கேட்டார், உன் அப்பன் கொடுத்தான், பாசமாகத்தான் கொடுத்தான். இவன் கேட்டான், நானும் பாசமாகத்தான் ஓமம் எழுதிக் கொடுத்தேன்.

இதை அவனிடம் படித்துக் காட்டு, காட்டாமல் போ, எனக்குக் கவலையில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று என் கையால் அவனுக்கு எழுத மாட்டேன்.

அத்தை


கடத்தூர்
3.7.2025

அத்தைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

உங்கள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அரை நாள் அழுதேன். பிறகு அப்பாவை உட்காரவைத்து ஒரு வரி விடாமல் படித்தேன். இதைக் கேட்டால் பயந்தாவது ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "மாமா எங்கடை பெஞ்சுல உக்காந்து, நெஞ்சு அடிக்குதுடான்னு சொல்றப்பல்லாம் நான்தான் ஓமத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். அக்கா கடுதாசியில ஓமம்னு பாத்தவொடனே புரிஞ்சி போச்சி. தெரிஞ்சேதான் அவ எனக்கு அதக் குடுத்தா. அவ தாலி மேல பொய்ச் சத்தியம் பண்ணவன் வேற என்னாத்தக் குடிப்பான்?" என்றார்.

"அப்ப எதுக்குப்பா குடிக்கற?" என்று கத்தினேன். "அவளா ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லட்டும், போறேன். அவ சொல்லாம போவ மாட்டேன்" என்றார். அம்மா காலில் விழுந்தும் பார்த்தாள். தினமும் விடிந்ததும் ஓமம், அது முடிந்ததும் பீடி.

என் அப்பா செய்தது தப்பு. நீங்கள் செய்வதும் தப்பு. உங்கள் இரண்டு பேர் வீம்புக்கு நடுவில் நான் என்ன செய்யட்டும்? அந்த ஒரு வரியை எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

காவியா


பாப்பாரப்பட்டி
12.8.2025

டேய் பச்சியப்பா,

உன் மகள் எழுதியது வந்து சேர்ந்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இருந்து பார்த்ததில் எனக்கு எரிச்சல்தான் ஏறுகிறது.

பழி வாங்குவது என்றால் வாங்குகிறவளுக்கு ஒரு திருப்தி வேண்டாமா? நீ தெரிந்தே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது என் பழி இல்லை, உன் பெருந்தன்மை. நாளைக்கு நீ விழுந்தால் ஊர் என்ன பேசும்? அக்கா கொடுத்ததை மறுக்காமல் குடித்தான், என்ன பாசம் என்று பேசும். படையலில் பீடி வைத்து அழுது ஊரையே அழவைத்தவன் நீ. உன் சாவிலும் நீயே பேர் வாங்கிக்கொண்டு என்னை ராட்சசி ஆக்கிவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாயா? விட மாட்டேன்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே தருமபுரிக்குப் போ. ஈசிஜி எடு. என்ன மாத்திரை கொடுத்தாலும் விழுங்கு. பீடியைத் தூக்கி எறி. கடையிலும் பீடி, சிகரெட் இருக்கக் கூடாது. சந்தைக்கு வருகிறவன் எல்லாம் உன் எதிரில் நின்று ஊத வேண்டும், நீ கிராம்பை மென்றுகொண்டு அதைப் பார்க்க வேண்டும். அப்படியே எண்பது வயது வரைக்கும் நீ உயிரோடு இருந்து தொலைய வேண்டும். உனக்கு நான் கொடுக்கிற தண்டனை இதுதான். சாவு உனக்கு ரொம்பச் சுலபம்.

ஓமத்தைக் கொட்டு.

குள்ளம்மாள்


தருமபுரி
24.8.2025

அத்தைக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்ததாக அம்மா சொன்னாள். அப்பா அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் விழுந்தார். கடைப் பலகையை எடுத்து வைத்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தவர் அப்படியே சரிந்தார். பீடி சட்டையில் விழுந்து பொத்தல். வலது கை, வலது கால் வரவில்லை. வாய் கோணிவிட்டது. என்ன நடக்கிறது என்று எல்லாம் தெரிகிறது, சொல்ல வந்தால் நாக்கு குழறுகிறது.

டாக்டர் சொன்னது நீங்கள் எழுதியதேதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. தாளம் தப்பிய நெஞ்சு, உறைந்த ரத்தம், மூளை. "ஒரு மாசம் முந்தி வந்திருந்தா மாத்திரையிலயே பாத்திருக்கலாம்" என்றார்.

என் கடிதத்தின் தலைப்பில் 3.7 என்று இருந்தது. உங்கள் கடிதத்தில் 12.8 என்று இருக்கிறது. நடுவில் இருப்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். அணைக்க எனக்கும் ஒரு கற்பூரம் கிடைக்கும்.

காவியா


கடத்தூர்
19.10.2025

அக்கா

இடது கை. எழுத்து கோணல்.

நலம்.

பழி தீர்ந்ததா?

பச்சி

(அத்தைக்கு: அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து இதை எழுதினார். போஸ்ட் செய்யச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டதால் அனுப்புகிறேன். நடை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பேச்சுதான் வரவில்லை. தினமும் வாய்விட்டுப் பேசிப் பேசித்தான் நாக்கு பழகும் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் முதல் நாள் பேசிப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அதிலிருந்து யார் எது கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. நான் உங்களிடம் எதுவும் கேட்டு எழுதவில்லை. கா.)


பாப்பாரப்பட்டி
3.11.2025

தம்பி பச்சியப்பனுக்கு உன் அக்கா குள்ளம்மாள் எழுதுவது.

என் சுகத்தை நீ கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தீரவில்லை.

நான் நினைத்தது நடந்துவிட்டது என்று காவியாவின் கடிதத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அடுப்பில் வைத்த சோறு தீய்ந்து வீடெல்லாம் புகை. அருண்குமார் ஓடி வந்து இறக்கினான். அந்தப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு உன்னை வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். சுவர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு ருசியும் இல்லை.

ஒரு மாதம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று உன் மகள் தேதி போட்டுக் காட்டினாள். அது இனி என் தொண்டையை விட்டு இறங்காது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் தாலி மேல் நீ செய்த சத்தியம் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இனி நான் சோறு தின்ன வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தருமபுரியில் மாறி உன் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும். உன் பெண்டாட்டியிடம் சொல்லிவை. காவியா என்னோடு பேச வேண்டாம், கதவைச் சாத்தினாலும் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். கதவு சாத்துவது என்ன என்று எனக்குத் தெரியும்.

கற்பூரம் அணைத்தவள் எப்படி வாயைத் திறப்பாள் என்று யோசிப்பாய். பேச மாட்டேன் என்றுதான் அணைத்தேன். திட்ட மாட்டேன் என்று அணைக்கவில்லை. முனியப்பனிடம் போய் விவரம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினாறாம் நாளிலிருந்து தொடங்கி, தாலிச் சத்தியம், பீடிக்கட்டு, ஓமம், இடது கையால் எழுதி என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டுவேன். தெருவே கேட்கும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவனையும் சேர்த்துத் திட்டுகிறேன். சின்ன வயதிலிருந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்கிறவன் நீ. வாயை மூடிக்கொண்டிருக்கிறவனைத் திட்டி எனக்குப் பழக்கமில்லை. குழறினாலும் சரி, கோணினாலும் சரி, ஒரு வார்த்தை நீ திருப்பித் திட்டும் வரைக்கும் நான் பாப்பாரப்பட்டிக்குத் திரும்ப மாட்டேன். இந்த ஞாயிறு வார்த்தை வராவிட்டால் அடுத்த ஞாயிறு. அதற்கும் வராவிட்டால் உன் மாமா வெற்றிலைக் கட்டு வாங்க எத்தனை ஞாயிறு வந்தாரோ அத்தனை ஞாயிறும் அங்கேயே இருக்கிறேன்.

வாயைப் பழக்கி வை.

உன் அக்கா,
குள்ளம்மாள்

பி.கு.: கடை ஆணியில் தொங்குகிற அந்த நீலக்கோட்டுச் சட்டையை யாரும் துவைத்துவிட வேண்டாம். நான் வந்து மோந்து பார்க்க வேண்டும்.